முப்பதாம் நோன்பில் சுட்ட பச்சைச் சுருள்

கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாவற்றையும் கேட்டோம். என்ன வேலை, வீடு சொந்தமா, வாடகையா, குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும் என்பது வரைக்கும் கேட்டோம். பிறையை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஜாதகம் பார்க்கிறவர்கள்கூட நட்சத்திரத்தைக் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் நிலாவைக் கேட்காமல் பெண்ணைக் கொடுத்துவிட்டோம்.

நாங்கள் இருப்பது மேலப்பாளையத்தில். மகளைக் கொடுத்தது பேட்டையில். ஆட்டோவில் போனால் அரை மணி நேரம், நடுவில் ஆறு. எங்கள் வீட்டில் பிறை என்றால் நம் பக்கத்தில் யார் கண்ணுக்காவது தெரிய வேண்டும். அவர்கள் வீட்டில், உலகத்தில் எந்த மூலையில் தெரிந்தாலும் பிறை பிறைதான். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது என்கிறார்கள். அதை விவரம் தெரிந்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு அதில் கருத்து எதுவும் கிடையாது. என் தலைவலியெல்லாம் பசியாறதான்.

காலைச் சாப்பாட்டை நாங்கள் பசியாற என்போம். கல்யாணம் ஆகி வருகிற முதல் நோன்புப் பெருநாளுக்கு மாப்பிள்ளை வீட்டுப் பசியாற பெண் வீட்டிலிருந்து போக வேண்டும். ஆண்கள் திடலில் பெருநாள் தொழுகை முடித்து வீட்டுக்கு வரும்போது விரிப்பில் அது தயாராக இருக்க வேண்டும். என்ன கொடுக்கலாம் என்பதற்குக் கட்டாயம் கிடையாது. இடியாப்பமும் தொட்டுக்கொள்ள ஆணமும் கொடுத்தால் ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். பத்து நோன்பு போனதும் மகள் போன் செய்தாள்.

“உம்மா, இடியாப்பம் வேண்டாம். அக்கா வீட்டுலருந்து போன வருசம் நாலு வகை இடியாப்பம் வந்துச்சாம். இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நீ பச்சைச் சுருள் செஞ்சிரு.”

அக்கா என்று அவள் சொன்னது மூத்த மருமகளை.

“எத்தன பேருளா?”

“இருபது பேரு வருவாங்க. ஆளுக்கு மூணு வச்சுக்கோ. நான் மாமிகிட்டச் சொல்லிட்டேன். வேற எதுவும் செய்ய வேண்டாம், எங்க உம்மா பச்சைச் சுருள் அனுப்புவான்னு சொல்லிட்டேன்.”

“எங்கிட்டக் கேக்காமலேயா சொன்ன?”

“அக்கா சிரிச்சா உம்மா. பச்சையா? பாசி புடிச்ச மாரியா இருக்கும்னு கேட்டா. எனக்குக் கோவம் வந்துட்டு.”

அவளுக்குக் கோபம் வந்ததற்கு நான் அறுபது சுருள் சுட வேண்டும். ஆறு மாதமாக ஒரு வீட்டில் வாழ்கிறவள், அந்த வீட்டுப் பெருநாள் அடுப்பையே என்னை நம்பி அணைத்து வைத்துவிட்டாள். நான் அனுப்புவது சரியில்லை என்றால் இருபது பேர் பெருநாள் காலையில் பட்டினி. அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் எதைச் சொன்னாலும் எடுபடுமா? இதுதான் எனக்கு அன்றிலிருந்து தூக்கத்தைக் கெடுத்தது.

பச்சைச் சுருள் எங்கள் ஊர்ப் பலகாரம் கிடையாது. என் வீட்டுக்காரர் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுக் கொண்டுவந்தது. நெய்ச்சோற்றுக்குப் போடுகிற ரம்பை இலையை அரைத்துச் சாறு எடுத்து, மைதா, முட்டை, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்துத் தண்ணீராகக் கரைத்து, மெல்லிசாகத் தோசை மாதிரி ஊற்ற வேண்டும். உள்ளே தேங்காய்த் துருவலும் கருப்பட்டியும் கிண்டிய பூரணம். பாய் சுருட்டுவது போலச் சுருட்டினால் முடிந்தது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அதைக் கொண்டுவந்த மனிதர் ஊர் திரும்பி, வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுப்பைத் தொட்டதில்லை. ஆனால் நான் அடுப்பில் நின்றால் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “அங்க இப்படி ஊத்த மாட்டோம்,” “அங்க தீ இவ்வளவு இருக்காது,” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அங்கே அங்கே என்று பேசுகிற மனிதருக்கு இங்கே ஒரு கரண்டியை எடுத்துத் தர முடியாது.

இருபத்தொன்பதாவது நோன்பு வந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே நாளில்தான் நோன்பைத் தொடங்கியிருந்தோம், அதனால் முடிவும் ஒன்றாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மதியமே வீட்டுக்காரரிடம் முட்டை வாங்கி வரச் சொன்னேன்.

“பிறை தெரியட்டும்ளா.”

“தெரியலேன்னா என்ன? முட்டை ஒரு நாள்ல குஞ்சு பொரிச்சிருமா?”

“நாளைக்குப் பெருநாள் இல்லேன்னா நாளைக்குப் புதுசா வாங்கலாம்லா. எதுக்கு அவசரப்படுத?”

அவரிடம் பேசிப் பயனில்லை. மாலையில் மொட்டை மாடியில் தெருவே நின்று மேற்கே பார்த்தது. மேகம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிறை தென்படவில்லை, நாளை முப்பதாவது நோன்பு என்று அறிவித்தார்கள். ஒரு நாள் கிடைத்ததே என்று எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. முட்டைப் பேச்சை விட்டேன். தொழுதுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அப்போதுதான் மகளின் போன்.

“உம்மா, பெருநாள் முபாரக்.”

“நாளைக்கு நோன்புளா. ஒலிபெருக்கி கேக்கலியா?”

“உங்களுக்கு நோன்பு. எங்களுக்குப் பெருநாள். வெளிநாட்டுல பிறை பார்த்தாச்சாம். மாமா இப்பதான் சொன்னாங்க. எட்டு மணிக்குத் திடல்ல தொழுகை. எட்டே முக்காலுக்கெல்லாம் வந்துருவாங்க. அதுக்குள்ள அனுப்பிரு.”

“அந்த வீட்டுல இப்படின்னு எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொல்லலியா? சொன்னேன்னுல்லா நினைச்சேன்.”

நான் போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒலிபெருக்கி சொன்ன சந்தோஷத்தில் தூங்கத் தயாராகிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “கடை சாத்தியிருப்பானே,” என்றார்.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோதே பூரணத்தைக் கிண்டி முடித்தேன். அப்போது வாய் திறந்திருந்த நேரம், ருசி பார்த்தேன். கருப்பட்டி நன்றாக ஏறியிருந்தது. ஏலக்காய் சரி. ரம்பை இலையையும் அப்போதே வெட்டிவிட்டேன். பின்பக்கம் வாளியில் வளர்த்திருந்த செடி. நடுக்குருத்தை மட்டும் விட்டுவிட்டு மொத்தத்தையும் வழித்தேன். வெளுத்துப் போனால் மூத்த மருமகள் சிரிப்பாளே என்ற பயம்தான். சாறு கரும்பச்சையாக இறங்கியது. முட்டை மட்டும் இல்லை. பாங்கு சொல்லிவிட்டார்கள், வாயை மூடியாயிற்று.

விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வரும் வழியில் அவர் யாரோ ஒரு கடைக்காரரைக் கதவைத் தட்டி எழுப்பி முட்டை வாங்கி வந்தார். அதைப் பெரிய சாதனை போல மேசையில் வைத்தார். நான் மாவைக் கரைக்க உட்கார்ந்தேன். ஆறு மணி.

என் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற வேலைகளில் எனக்குக் கை தைரியம் உண்டு. சமையலில் நான் நாக்கை நம்புகிறவள். அளவு எழுதி வைக்கும் பழக்கம் இல்லை. கரைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்த்தான் ஒரு இடத்தில் நிற்பேன். அன்று நாக்கு இல்லை. நோன்போடு நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், தேவைக்குக் கூடும் என்று பெண்களுக்கான பயான் சொற்பொழிவில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் துப்புகிற விஷயத்தில்தான் சந்தேகம். முழுதாகத் துப்பினேனா, கொஞ்சம் இறங்கிற்றா என்று அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். முப்பதாவது நோன்பு. இருபத்தொன்பதைக் காப்பாற்றிவிட்டு இதில் போய் விழ மனசு வரவில்லை.

“துப்பிரலாம்ளா, ஒண்ணும் ஆகாது,” என்றார் வீட்டுக்காரர்.

“அப்ப நீங்க வச்சுப் பாருங்க.”

“அது பொம்பளையளுக்குச் சொன்னது.”

மைதாவைச் சலித்துப் போட்டேன். முட்டைகளை உடைத்து ஊற்றினேன். தேங்காய்ப்பால், சாறு, உப்பு. கரைத்துக்கொண்டிருக்கும்போது மகள் போன். ஹாட் பாக்ஸ் எத்தனை, தட்டு அனுப்புகிறாயா, இங்கே உள்ள தட்டில் வைக்கவா என்று கேட்டாள். பேசிவிட்டு வந்து நின்றால், உப்புப் போட்டோமா என்று ஞாபகம் இல்லை. உப்புச் சாடியின் மூடி திறந்து கிடந்தது. போட்டதால் திறந்து கிடக்கிறதா, போட எடுத்துத் திறந்தபோது போன் வந்ததா? மாவைப் பார்த்தேன். உப்பு கண்ணுக்குத் தெரியவா போகிறது? உப்பில்லாமல் அனுப்பினால் சப்பென்று இருக்கும், நாக்கில் ஒட்டாது, அத்தனை பேர் முன்னால் என் பிள்ளை தலை குனிவாள் என்று தோன்றியது. போட்டேன்.

பிறகு கல்லைக் காய வைத்து முதல் தோசையை ஊற்றினேன். பின்னால் நாற்காலி வந்து விழுந்தது.

“நிறம் ரொம்பக் கூடிட்டு. அங்க இளம்பச்சையா இருக்கும்.”

“அங்க மருமகக்காரி சிரிக்க மாட்டா.”

“கல்லப் பைய சுத்து. மெல்லிசா ஓடணும்.”

“நீங்க எந்திரிச்சு ஒரு பத்து ஊத்துங்களேன்.”

“எனக்கு நோன்புளா.”

“எனக்கு என்ன, கந்தூரி விருந்தா?”

முதல் மூன்றும் கிழிந்தன. நாலாவது நின்றது. பிறகு கை பழகியது. ஒரு பக்கம் ஊற்றுவதும் இன்னொரு பக்கம் ஆறியதில் பூரணம் வைத்துச் சுருட்டுவதுமாக ஓடினேன். பார்வைக்கு மோசமில்லை. பச்சைப் பசேலென்று, உள்ளங்கை நீளத்துக்கு, விரல் கனத்துக்கு வரிசையாக அடுக்கினேன். வாசனைக்கு வயிறு இழுத்தது. ரம்பையும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு லாத்தா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “நோன்புல இது என்ன சோதனைமா!” என்று கேட்டார். நான் விவரத்தைச் சொன்னேன். “ஆத்துக்கு அந்தப் பக்கம் பெருநாள், இந்தப் பக்கம் நோன்பு. பாலத்துல நிக்கிறவனுக்கு என்ன?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

கடைசிச் சுருளைச் சுருட்டி முடிக்கும்போது ஏழே முக்கால் ஆகியிருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வழக்கமாக எங்களுக்கு வண்டி ஓட்டுகிறவர் சீவலப்பேரிக்காரர். முருக பக்தர், மாதம் ஒரு தடவை திருச்செந்தூர் போகாமல் இருக்க மாட்டார். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். வயதில் யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. அவரைப் பார்த்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. இந்த மனிதருக்கு நோன்பு கிடையாது!

ஒரு தட்டில் இரண்டு சுருளை வைத்து நீட்டினேன்.

“சாப்பிட்டுப் பாருங்க அண்ணாச்சி.”

“நீங்கள்லாம் நோன்பா இருக்கைல நான் எப்படி அக்கா...”

“அதெல்லாம் பாக்காதிய. சாப்பிடுங்க.”

அவர் திரும்பி நின்றுகொண்டு, மரியாதையாக, மறைவாகச் சாப்பிட்டார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று முடிந்தது. இரண்டாவதை எடுக்காமல் நின்றார்.

“நல்லாருக்கு அக்கா.”

“நல்லாருந்தா ரெண்டாவத ஏன் வச்சிருக்கிய?”

“வயிறு நெறைஞ்சுட்டு.”

“ஒண்ணுலயா? அண்ணாச்சி, என் மக வாழுத வீட்டுக்குப் போகுது இது. உண்மையச் சொல்லுங்க.”

அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “உள்ள இருக்க தித்திப்பு அருமை அக்கா. குறையே சொல்ல முடியாது. வெளியில உள்ள தோசைதான்... திருச்செந்தூர்க் கடல்ல முங்கி எந்திரிச்சு வந்த மாரி இருக்கு.”

உப்பு. இரண்டு தடவை போட்டிருக்கிறேன். ஆனால் நான் போடுகிற உப்புக்கு இரண்டு தடவை போட்டாலும் கடல் ஆகாதே. திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ஏதாவது போட்டியளா?”

“நான் என்ன போட்டேன்?”

“மாவுல கை வச்சியளா, இல்லையா?”

“நீ முட்டைத் தோட்டைக் கொட்டப் போனபோது ஒரே ஒரு சிட்டிகை போட்டேன். நீ மறந்துருப்பன்னு நினைச்சேன். எப்பவும் மறப்பியே.”

அவருடைய சிட்டிகையை எனக்குத் தெரியும். நூறு பேருக்கு மாவு கரைத்துப் பழகிய கை அது. ஐந்து விரலும் சேர்ந்தால்தான் அவருக்கு ஒரு சிட்டிகை. ஒன்பது வருடம் வெளிநாட்டில் சமைத்துவிட்டு வந்து பத்து வருடம் அடுப்பைத் தொடாத மனிதர், வருடம் முழுக்க விட்டுவிட்டு, ருசி பார்க்க முடியாத அந்த ஒரு நாளைப் பார்த்து உதவி செய்திருக்கிறார். வாய் வரைக்கும் வந்ததை அடக்கினேன். நோன்பு நேரத்தில் திட்டக் கூடாது. அவரும் அதை நம்பித்தான் தைரியமாக நின்றார்.

மறுபடி சுட மாவு இல்லை, முட்டை இல்லை, செடியில் இலை இல்லை. அனுப்பாமல் இருந்தால் அங்கே அடுப்பே எரியவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹோட்டலில் இடியாப்பம் வாங்கி அனுப்பலாமா என்றார் வீட்டுக்காரர். மூத்த மருமகள் வீட்டிலிருந்து வந்த நாலு வகைக்கு எதிராக நான் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டுமாம்.

அண்ணாச்சிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அக்கா, ஆப்பத்துக்கு ஊத்துத மாரி தேங்காய்ப்பால் ஊத்திப் பார்த்தா என்ன? இனிப்பா. உப்பு போட்டுறாதிய.”

மறுநாள் எங்கள் பெருநாள் நெய்ச்சோற்றுக்கு வைத்திருந்த மூன்று தேங்காயையும் உடைத்தேன். வீட்டுக்காரரைத் துருவ உட்கார வைத்தேன். அன்று அவர் மறுபேச்சு பேசவில்லை. மிக்ஸியில் அரைத்து, கெட்டிப் பாலாகப் பிழிந்து, சீனி போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டேன். ஒரு கிண்ணத்தில் சுருளை வைத்துப் பாலை ஊற்றி மறுபடி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். இப்போது அவர் திரும்பி நிற்கவில்லை. என் எதிரேயே சாப்பிட்டார்.

“ம்... இன்னொரு கரண்டி ஊத்துங்க.” சாப்பிட்டார். “சீனி இன்னும் கொஞ்சம்.” சாப்பிட்டார். “இப்ப இன்னொண்ணு வைங்க.”

“அண்ணாச்சி, எண்ணி வச்சிருக்கேன்.”

“இல்ல அக்கா, முன்ன உப்பா இருந்தது இப்ப உப்பும் இனிப்புமா நிக்கி. கெட்டுப் போகல. ஊறினா சரியாப் போகும். ஆனா பால் நெறைய வேணும்.”

சரியாகப் போகும் என்றால் எவ்வளவு சரி? அவர் நாக்கில் எது நிற்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எட்டேகால் ஆகிவிட்டது. பாலைத் தூக்குவாளியில் ஊற்றி, சுருளை ஹாட் பாக்ஸுகளில் அடுக்கி ஏறினேன். பெட்டியை மட்டும் கொடுத்துவிடத்தான் முதலில் நினைத்திருந்தேன். அந்த உப்போடு என் பிள்ளையைத் தனியாக விட முடியவில்லை.

வழி முழுக்கப் பால் தளும்பியது. கொக்கிரகுளம் பாலத்தில் நெரிசல். ஜங்ஷன் மேம்பாலத்தில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. டவுனில் எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி. நான் தூக்குவாளியை மடியில் இறுக்கிக்கொண்டு, ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். சம்பந்தியம்மாள் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் முன்னால் நிற்கும்போது எனக்கு வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி இருக்கும். சம்பந்தி என்று கூப்பிட வாய் வராது, டீச்சர் என்றுதான் வரும். டீச்சரிடம் என்ன சொல்வது? முன்கூட்டியே சொல்லிவிடுவதா, பேசாமல் இருப்பதா? சொன்னால் மகள் மானம் போகும். சொல்லாவிட்டால் வாயில் வைத்ததும் போகும்.

நாங்கள் போய் இறங்கும்போது ஆண்கள் வந்துவிட்டார்கள். அத்தர் வாசனையும் புதுச்சட்டை மொடமொடப்புமாக விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விரிப்பின் நடுவில் தண்ணீர்ச் செம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். பட்டுச்சேலை, கை நிறைய மருதாணி.

“ஏம்மா இவ்வளவு நேரம்?”

“பாலும் கொண்டுவந்துருக்கேன். ஊத்தித்தான் கொடுக்கணும்,” என்றேன் அவள் காதில்.

“சுருளுக்குப் பாலா? எப்பவும் ஊத்த மாட்டியே.”

“இன்னைக்கு ஊத்தணும். கேள்வி கேக்காத.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஹாட் பாக்ஸைத் திறந்து ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பரிமாறினார்கள். நான் அடுப்பங்கரை வாசலில், கதவோடு கதவாக நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார்.

“வாங்க சம்பந்தி. நீங்களும் உக்காந்து பசியாறுங்க.”

“எனக்கு நோன்பு டீச்சர்.”

“அட ஆமா, உங்களுக்கு நாளைக்குல்லா. அப்ப இத்தனையும் ருசி பாக்காமலா செஞ்சிய?”

தலையை ஆட்டினேன். நல்லவேளை, ஒரு சாக்குக் கிடைத்தது என்று நினைத்தேன். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்ல எனக்கு வாய் எழவில்லை. மூத்த மருமகள் ஒரு சுருளை விரலால் தூக்கிப் பார்த்தாள். “பாசி மாரி இல்ல, வாழைக்குருத்து மாரில்லா இருக்கு,” என்றாள். நிறத்தில் பிழைத்தோம். டீச்சர் கடித்தார். மென்றார். பாலை ஒரு கரண்டி அதிகமாக ஊற்றிக்கொண்டார். மறுபடி கடித்தார். விரிப்பில் பேச்சு குறைந்து, செம்புத் தண்ணீர் கை மாறத் தொடங்கியது.

“உப்பு கொஞ்சம் கூடிட்டோ?” என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல்.

“கொஞ்சமா மாமி?” என்றாள் என் மகள். வாய் நிறைய வைத்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி. “உம்மா ஒரு தடவ போட்டுருப்பா. அப்புறம் போட்டோமா போடலியான்னு பயந்துக்கிட்டு இன்னொரு தடவ போட்டுருப்பா. இவ மறந்துருப்பான்னு வாப்பா ஒரு தடவ போட்டுருப்பாங்க. எங்க வீட்டுல எப்பவும் மூணு உப்புதான். நீங்க பாலை நல்லா ஊத்துங்க மாமி. அக்கா, உனக்கு இன்னொண்ணு வைக்கவா? பாசின்னு சொன்ன வாய்க்கு ரெண்டு வைக்கணும்.”

எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்று இருந்தது. பெற்றவளை இருபது பேர் முன்னால் இப்படியா விற்பது? நான் விடிந்ததிலிருந்து மறைக்கத் தவித்ததை அவள் தட்டோடு எடுத்துப் பரிமாறிவிட்டாள். மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மாமனார் தாடியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூத்த மருமகள், “வை, வை, எங்க உம்மா இடியாப்பத்துல உப்பே போட மாட்டா,” என்றாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பேசுனது போதும், தூக்குவாளியை இங்கன கொண்டா,” என்றார். அவள் கொண்டுபோய், அவருக்குப் பக்கத்திலேயே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்துத் தின்றாள்.

மாமியார் தட்டில் கை வைக்கிறாள். நான் பயந்துகொண்டிருந்த வீடு இதுதானா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. இவளுக்காகவா நான் இருபது நாள் தூங்காமல் கிடந்தேன்? சொல்லியிருக்கலாமே, இங்கே இப்படித்தான் உம்மா, நீ கவலைப்படாதே என்று ஒரு வார்த்தை. அதையும் சொன்னேன் என்றுதான் நினைத்திருப்பாள்.

சுருள் மிச்சமில்லாமல் போயிற்று. பால் முதலில் தீர்ந்தது. பெட்டிகளைக் கழுவிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது டீச்சர் வாசல் வரைக்கும் வந்தார்.

“உங்களப் பாத்தா வாயில்லாப் பூச்சி மாரி இருக்கிய. இவளுக்கு இந்த வாய் எங்கருந்து வந்துச்சு சம்பந்தி?”

“தெரியல டீச்சர்,” என்றேன்.

“டீச்சர்னு கூப்பிடாதிய. நாளைக்கு உங்க பெருநாளுக்கு நானும் இவளோட வாரேன். அந்தச் சுருள் ஒத்த உப்புல எப்படி இருக்கும்னு பாக்கணும். ஒரு பத்து போதும்.”

சரி என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அவர் கேட்டது குறையா, செல்லமா என்று வழியெல்லாம் புரட்டிப் பார்த்தேன். அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“எங்க அம்மா என் பொண்டாட்டியத் திட்டுதப்ப இப்படித்தான் சொல்லுவா,” என்றார்.

“அப்ப குறைதானா?”

“ரெண்டு பேரும் சேந்துதான் டவுன்ல சேல எடுக்கப் போவாங்க அக்கா.”

இது என்ன பதில்? டவுன் தாண்டும்போதுதான் நாளைக்குப் பத்துச் சுருள் என்பது மண்டையில் ஏறியது. செடியில் குருத்தைத் தவிர ஒன்றும் இல்லை. தேங்காய் மூன்றும் தீர்ந்தாயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, நோன்பு திறக்க இன்னும் எட்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது.

“ரம்பை இலை எங்க கிடைக்கும் அண்ணாச்சி?”

“அது என்ன இலைன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.”

“மார்க்கெட்டுக்கு விடுங்க. கேட்டுப் பாப்போம்.”

அவர் வண்டியைத் திருப்பினார். மடியில் காலித் தூக்குவாளி கடகடவென்று ஆடியது. போன் அடித்தது. மகள்தான்.

“உம்மா, பத்துன்னு மாமி சும்மா சொன்னாங்க. அக்காவும் வாராளாம். இருபதா வச்சுக்கோ.”